பாலைவனத்தில் நான்கு குழாய்கள்

பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். மத்தியான வேளை. கூடத்தில் சற்றுத் தலையைச் சாய்க்கிறீர்கள். கூரையில் எங்கோ ஓர் இடுக்கு. அதன் வழியே வெயில் இறங்கி, வெள்ளிக் காசு மாதிரி தரையில் விழுந்து கிடக்கிறது. குழந்தை தவழ்ந்து போய் அதைப் பொத்திப் பிடிக்கிறது. காசோ அதன் கைமேலேயே ஏறி உட்கார்ந்து கொள்கிறது! அரை மணி கழித்துப் பார்த்தால் காசு சுவரோரம் நகர்ந்து போயிருக்கிறது.

வெளியே தெருவெல்லாம் வெயில் கொட்டிக் கிடக்கிறது. அதை யார் நின்று பார்க்கிறார்கள்? இடுக்கு வழியே வந்த ஒரு காசு வெயிலை மட்டும் வீடே வேடிக்கை பார்க்கிறதே, ஏன்?

இந்தச் சின்னக் கேள்விக்கு இருபத்திரண்டு டன் எடையுள்ள குழாய்கள் நான்கைக் கொண்டு பதில் சொன்ன ஒரு பெண்மணியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் நான்ஸி ஹோல்ட். 1938-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது உயிரியல். கையில் பிடித்தது காமிரா. 1963-ல் ராபர்ட் ஸ்மித்ஸன் என்ற சிற்பியை மணந்தார்.

1968-ல் இருவரும் மேற்கே பாலைவனப் பிரதேசத்துக்குப் போனார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே வெட்டவெளி; அதற்கு மேல் வானம். பார்க்க இவ்வளவு இருந்தும் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை! உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டே. ஊட்டிக்குப் போகிறீர்கள். மலையைப் பார்த்து மலைத்து நிற்கிறீர்கள். போட்டோவும் பிடிக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தால், அத்தனை பெரிய மலை கரையான் புற்று மாதிரி ஒரு மூலையில் கிடக்கிறது. பரப்பு முழுவதையும் பிடிக்கப் போனால் ஒன்றும் அகப்படுவதில்லை.

காமிராக்காரர்களுக்கு இது தெரியும். அவர்கள் ஒரு சிறு சட்டத்துக்குள் உலகத்தை அடக்கிப் பார்க்கிறவர்கள். நான்ஸிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தச் சட்டத்தைக் காமிராவை விட்டு வெளியே எடுத்து, நிலத்தில் நட்டுவிட்டால் என்ன?

1971-ல் இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு சிறு குழாயைக் குறுக்கே பொருத்தி வைத்தார். ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம், ரோட் தீவு மாகாணத்துக் கடற்கரையில், ஒரு மணல்மேட்டின் ஊடே குழாயைச் செருகினார். குனிந்து பார்த்தால் மணலுக்கு நடுவே வட்டமாகக் கடல்! ஓர் அடி நகர்ந்தால் கடல் மறைந்து வெறும் மணல்தான். இப்போது அதை நாம் புகைப்படங்களில்தான் பார்க்கிறோம்.

1973-ல் பெரிய இடி விழுந்தது. டெக்ஸாஸில் தாம் அமைத்துக்கொண்டிருந்த ஒரு வேலையை மேலிருந்து பார்ப்பதற்காக ஸ்மித்ஸன் சிறு விமானத்தில் ஏறினார். ஜூலை 20-ந் தேதி அந்த விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி, புகைப்படக்காரர், ஸ்மித்ஸன் மூவரும் மாண்டனர். ஸ்மித்ஸனுக்கு வயது முப்பத்தைந்து.

நான்ஸி என்ன செய்தார் தெரியுமா? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கணவர் பாதியில் விட்ட அந்த வேலையை முதலில் முடித்தார். பிறகு, தம் மனத்தில் உருவாகியிருந்த யோசனையைக் கையில் எடுத்தார். யூட்டா மாகாணத்துப் பாலையில் 1974-ல் நாற்பது ஏக்கர் நிலம் வாங்கினார். வான சாஸ்திரியைக் கலந்தார், எஞ்சினீயரைக் கலந்தார், சர்வே செய்கிறவர், லாரிக்காரர், கிரேன் ஓட்டுகிறவர் எல்லோரையும் கூட்டினார். 1976-ல் வேலை முடிந்தது. "சூரியச் சுரங்கங்கள்" என்பது அதன் பெயர்.

நான்கு கான்கிரீட் குழாய்கள். ஒவ்வொன்றும் பதினெட்டு அடி நீளம், ஒன்பது அடிக்குச் சற்று மேல் உயரம். பெருக்கல் குறி போலப் படுத்திருக்கின்றன; நடுவில் வெற்றிடம். ஜூன் 21-ந் தேதியை ஒட்டியும் டிசம்பர் 21-ந் தேதியை ஒட்டியும் சில நாட்கள், உதயத்திலும் அஸ்தமனத்திலும் சூரியன் குழாயின் வாய்க்குள் பொட்டு வைத்தாற்போல் வந்து நிற்கும். குழாய்களின் மேற்பாகத்தில் ஏழு அங்குலம் முதல் பத்து அங்குலம் வரை அகலமுள்ள துளைகள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் வடிவில் அவை அமைந்திருக்கின்றன. மகர ராசியும் அவற்றில் ஒன்று. வெளியே வெயில் காய்கிற நடுப்பகலில், உள்ளே நிழலில் நட்சத்திரங்கள் மின்னும். நம் வீட்டு வெள்ளிக் காசேதான்!

காசு நகரும் அல்லவா? அதை நின்று பார்க்க ஒரு நாள் போதாது, பொறுமையும் போதாது. இங்கேதான் காமிரா மறுபடியும் வருகிறது. 1976 ஜூலை 14-ந் தேதி, காலை ஆறரையிலிருந்து இரவு ஒன்பது வரை அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு குழாயின் உட்புறத்தை நான்ஸி படம் எடுத்தார். மொத்தம் முப்பது படங்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒளி வட்டங்கள் நீண்டும் குறுகியும் சுவரில் ஊர்வது தெரிகிறது. குழாய் இடத்தைப் பிடித்துக் கொடுத்தது. காமிரா பொழுதைப் பிடித்துக் கொடுத்தது. ஒன்றில்லாமல் மற்றது பாதிதான்.

நான்ஸி 2014-ல் காலமானார். குழாய்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. இன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போவீர்கள் அல்லவா? குழந்தையின் வளையல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வழியே தூரத்துத் தென்னையையோ எதிர்வீட்டுக் கூரையையோ பாருங்கள். தினமும் பார்த்த தென்னைதான். ஆனாலும், துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கச் சற்று நேரமாகலாம். அதற்கு நான் பொறுப்பல்ல!