சமவெளியில் ஒரு தீவு

நீர் சூழ்ந்த நிலமே தீவு. எனினும், சமவெளியில் தனித்து நிற்கும் குன்றைப் புவியியலார் ‘இன்செல்பெர்க்’ என்பர். இச்செருமானியச் சொல்லுக்குத் ‘தீவுமலை’ என்று பொருள். திண்டுக்கல் மலைக்கோட்டை அமைந்த பாறை அத்தகையது. சுற்றிலும் இருந்த மென்மையான பாறைகள் நெடுங்காலம் வெயிலாலும் மழையாலும் சிதைந்து நீங்க, உறுதி மிக்க இப்பாறை எஞ்சி நின்றது. திண்டு போன்ற அதன் தோற்றமே ஊர்ப்பெயருக்குக் காரணம் என்பர்.

இத்தீவை அடையப் படகு வேண்டா, கால்களே போதும். பாறையில் செதுக்கப்பட்ட படிகளில் காலையிலேயே ஏறுதல் நன்று. வெயில் முற்றினால் நிழலற்ற பாறை அனலாய்க் கொதிக்கும். குடிநீர் உடனிருத்தல் வேண்டும். உச்சியில் நிற்போர்க்குத் தெற்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் புலப்படும். மதுரை நாயக்கர் இங்குக் கோட்டை எழுப்பியதன் காரணம் அங்கே தானே விளங்கும்: எத்திசையிலிருந்து படை வரினும் தொலைவிலேயே காணலாம். 1755இல் திண்டுக்கல்லுக்கு வந்த ஐதர் அலி இக்கோட்டையை வலுப்படுத்தினார். 1790இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர்.

வருவோருள் சிலர் மதிலில் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். எளிதில் தேயாத கல்லில் அக்கீறல் எளிதில் மறையாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.