மணலுக்குள் இறங்கும் கம்பி

ஒக்டோபர் பிறந்தால் கல்முனைக் கரையில் பின்னேர இடி தொடங்கிவிடும். முதல் மின்னல் வெட்டியதும் டீவி பிளக்கைக் கழற்றிவிடுகிறோம். நல்ல பழக்கம். ஆனால் வீட்டின் எர்த் கம்பி எங்கே இறங்குகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

சாதாரண வீடொன்றுக்குக் கம்பத்திலிருந்து வருவது லைவ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள்தான். எர்த் நம் பொறுப்பு. அதிலும் நமது மண் மணல். காய்ந்த மணலில் மின்சாரம் இலகுவில் இறங்காது. கம்பியின் மண்தடை 50 ஓம் என்று வையுங்கள். பிரிட்ஜின் உடலுக்கு 230 வோல்ட் கசிந்தால் மண்ணுக்குப் போவது சுமார் 4.6 அம்பியர். 13 அம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. பிரிட்ஜ் ஓடும், கதவைத் தொடும் பிள்ளைக்குத்தான் அடி. 30 மில்லியம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அவசியமாவது இதனால்தான். எர்த் அறுந்த வீட்டிலோ, யாராவது தொட்டு அவர் உடல் வழியாகக் கசியும்வரை ட்ரிப்புக்கும் ஒன்றும் தெரியாது.

கிணற்றடிச் சுவரோரம் குனிந்து பாருங்கள். கம்பியும் வயரும் சேரும் கிளாம்பில் பச்சைப் பொருக்குப் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். உப்புக்காற்று செய்யும் வேலை இது. 2004 சுனாமிக்குப் பின் எழுந்த வீடுகளில் பலவற்றுக்கு இப்போது இருபது வயதாகிறது. எனக்குப் பெரிய கவலை அவற்றைப் பற்றித்தான்.

மின்னலின் கதை வேறு. எங்கோ தூரத்து லைனில் விழுந்தாலும் மிகை அழுத்தம் வயர் வழியே வீட்டுக்குள் பாயும். அதை ட்ரிப் சுவிட்ச் தடுக்காது. அதற்கென்று சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது. அதற்குள் இருக்கும் நாக ஒட்சைட்டு வில்லை வழமையான அழுத்தத்தில் மின்சாரத்தை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். அழுத்தம் எகிறினால் கண்ணிமைக்குமுன் வழிவிட்டு மண்ணுக்குத் தள்ளும். மண்ணுக்குப் போகும் பாதையே துருப்பிடித்திருந்தால் எங்கே தள்ளுவது? எர்த் இல்லாத வீட்டில் அது அரைப் பாதுகாப்புத்தான். ரவுட்டர் முதலில் கருகுவதற்கும் காரணமுண்டு: தொலைபேசி வயர் ஒரு வழியாலும் கரண்ட் வேறு வழியாலும் வர, இரண்டுக்கும் இடைப்பட்ட அழுத்த வேறுபாடு அதற்குள்தான் பாய்கிறது.

ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமர்த்தி, "விழுகிறதே, எல்லாம் சரி" என்று நிம்மதியடையாதீர்கள். எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். எர்த்தை மீற்றர் வைத்துத்தான் அளக்க வேண்டும், அதுவும் மணல் காய்ந்திருக்கும் ஓகஸ்ட், செப்டெம்பரில். தேர்ச்சி பெற்ற மின் வேலைக்காரரை அழைத்து அளப்பியுங்கள். கிடைத்த ஓம் கணக்கைத் திகதியோடு மீற்றர் பெட்டிக் கதவில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.