சுதந்திர மென்பொருளும் சொற்போரும்

ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்களின் வரிசையைக் கண்டவர்களுக்கு இவ்வூர் அடைந்துள்ள மாறுதலை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1878-ல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளிக்கு அண்மையில், இந்த எல்லைப்புறத்தில், லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உற்பத்தியாகி வருவது பழைய செய்தி. இப்போது டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் மேற்கூடும் உருவாகிறது. கூட்டைச் செய்யும் கைகள் நம் பெண்களுடையவை. அதற்குள் குடியிருக்கும் உயிரை ஆக்கியவர்கள் யார், அவர்கள் தமக்குள் எவ்வாறு வாதாடி முடிவு காண்கிறார்கள் என்பதை நம்மவர் விசாரிப்பதில்லை. அவ்விசாரணை அவசியமென்பது நமது அபிப்பிராயம்.

உயிரென்று நாம் குறிப்பது இயங்குதளத்தை. யந்திரத்தின் உறுப்புக்களை ஏவி, நினைவகத்தைப் பங்கிட்டு, ஏனைய மென்பொருள்களுக்கு இடங்கொடுப்பது அதன் தொழில். அதன் நடுப்பகுதியைக் கெர்னல் என்பர். மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடப்படும் இயங்குதளங்கள் சில உண்டு. அவற்றுள் புகழ் மிக்கது லினக்ஸ். ஆலைத் தொழிலாளரின் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போன் ஓடுவதும் லினக்ஸ் கெர்னலின் மீதே.

பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை 1991-ல் வெளியிட்டார். 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், இதன் அமைப்பு காலங்கடந்ததென்று பகிரங்கமாகக் கண்டித்தார். எல்லா வேலைகளையும் ஒரே கெர்னலுக்குள் அடைத்தால் ஒரு பகுதியின் பிழை முழுவதையும் வீழ்த்தும். ஆகையால் கெர்னலைச் சிறிதாக்கி, மற்றவற்றைத் தனித்தனியே நிறுத்த வேண்டுமென்பது அவர் வாதம். தம்முடையது நன்றாக ஓடுகிறது, இலவசமாகவும் கிடைக்கிறது, பேராசிரியரின் மினிக்ஸுக்கோ விலையுண்டு என்று மாணவர் வெடுக்கென்று மறுமொழி கூறினார். பின்னர் பேச்சின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டார்; கொள்கையை விடவில்லை.

வென்றவர் யார்? லினக்ஸ் உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஓசூரில் கூடு செய்யப்படும் ஐபோனின் கெர்னலிலோ, சிறு கெர்னல் கொள்கையில் பிறந்த மாக் என்பதும் பிஎஸ்டி என்பதும் கலந்திருக்கின்றன. இன்டெல் பிராசஸர்களின் உள்ளே மினிக்ஸ் வேலை செய்வதும் 2017-ல் தெரியவந்தது. ஆகவே அவ்வாதத்தில் இரு பக்கத்திலும் பொருள் இருந்தது. வாய்ச்சண்டையை மட்டும் நினைவில் வைப்போர் அப்பொருளைத் தவறவிடுவர்.

வேறொரு வழக்கைக் கேளுங்கள். 1994 டிசம்பரில் நெட்பிஎஸ்டி நிர்வாகக் குழு, ஸ்தாபகர்களில் ஒருவரான தியோ டி ராட் பிறரிடம் நடந்துகொண்ட முறை தகாதென்று அவரை விலகச் சொல்லிற்று. அவர் 1995-ல் ஓபன்பிஎஸ்டி என்ற தனிக்கிளையைத் தொடங்கினார். தூரத்துக் கணினியை ரகசியம் காத்து ஆள உதவும் ஓபன்எஸ்எஸ்எச் அக்கிளையிலிருந்து 1999-ல் வந்தது. இன்று உலகின் எண்ணற்ற சர்வர்கள் அதனை நம்பியிருக்கின்றன. பிரிவினால் நன்மை விளைந்ததென்பது மெய்யே. எனினும் எல்லாப் பிரிவும் இவ்வாறு பலிக்குமென்று எண்ணுவது பேதைமை.

நமக்கு மிக அண்மையானது டெபியன் விவகாரம். மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எனவே டெபியன் சபையின் முடிவுகள் கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடம் வரை எட்டக்கூடியவை. அச்சபைக்கு 1998 முதல் எழுதப்பட்ட அரசியல் சட்டமுண்டு; தலைவரை ஆண்டுதோறும் வோட்டளித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கணினி விழித்தெழும்போது மற்றப் பணிகளைத் தொடங்கிவைக்கும் பொறுப்பைச் சிஸ்டம்டிக்கு அளிப்பதா என்ற பிரச்னை அங்கே எழுந்தது. ஒழுங்கும் வேகமும் வருமென்றனர் ஒரு சாரார். அதிகாரங்கள் பல ஓரிடத்தில் குவிகின்றன, பழைய யூனிக்ஸ் மரபு குலைகிறது என்றனர் மறுசாரார். 2014 பிப்ரவரியில் எண்மர் கொண்ட தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலாகப் பிளவுபட்டது. தலைவர் பிடேல் கார்பியின் விசேஷ வோட்டினால் சிஸ்டம்டி நிலைபெற்றது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு அம்முடிவில் சட்டக் குறை எதுவும் தென்படவில்லை. ஆயினும் மனத்தாங்கல் தீரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் குழு உறுப்பினர் மூவர் ராஜினாமாச் செய்தனர். நெடுங்காலம் உழைத்த ஜோய் ஹெஸ் டெபியனையே விட்டு விலகினார். அதிருப்தியுற்றோர் தேவுவான் என்று தனிக்கிளை கண்டனர்; அதன் முதல் முழுப் பதிப்பு 2017-ல் வெளிவந்தது.

சட்டம் தீர்ப்பைத் தரும், நல்லெண்ணத்தைத் தரவல்லதன்று. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே சக உழைப்பாளிகளைச் சுடுசொல்லால் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரிச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போது ஏற்படுத்தப்பட்டன. கடுஞ்சொல்லே தரத்தைக் காக்கிறதென்று வாதிப்பவர்கள் இன்றும் உளர். அதை நாம் ஏற்கோம். பிழையான நிரலைத் தயவின்றித் தள்ளுவது காவலாளியின் கடமை. எழுதியவனை அவமதிப்பது அக்கடமையில் அடங்காது. அவமதிக்கப்பட்டவன் போகும்போது அவனுடைய அறிவும் கூடவே போய்விடுகிறது.

இவ்வளவு சச்சரவும் நமக்கெதற்கு, கம்பெனிக்காரர் தரும் பூட்டிய பெட்டியே போதாதா என்று சிலர் கேட்கலாம். பூட்டிய பெட்டிக்குள்ளும் சண்டைகள் உண்டு. அவை நம் காதுக்கு எட்டுவதில்லை, முடிவு மாத்திரமே நம் தலையில் விழுகிறது. திறந்த சபையிலோ வாதம் பகிரங்கமாக நடக்கிறது. தோற்றவன் மூலநிரலை எடுத்துக்கொண்டு தன் வழி போகும் உரிமையும் உடையவன். அவ்வுரிமை இருப்பதனாலேயே எத்தலைவரும் அங்கே சர்வாதிகாரியாக நிலைக்க இயலாது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் ஊர் ஓசூர். டெபியனை நிறுவும் திரைகள் இம்மூன்று மொழிகளிலும் கிடைப்பது தொண்டர்கள் மொழிபெயர்த்த பயன். அந்தச் சபையில் நம் பாலிடெக்னிக் மாணவர்களும் ஆலைப் பொறியாளர்களும் உட்கார வேண்டும். பிழை கண்டால் அத்தாட்சியோடு எழுதுக. திருத்தம் தெரிந்தால் அனுப்புக. மறுப்பு வந்தால் முதலில் அதன் காரணத்தைப் படிக்க. சொல்லுக்குச் சொல் நிற்கட்டும். ஆளுக்கு ஆள் வேண்டாம். இந்தப் பழக்கம் மென்பொருளுக்கு மட்டுமன்றி, நம் ஊர்ச் சங்கங்களுக்கும் கட்சிக் கமிட்டிகளுக்கும் உதவுமென்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?