பச்சைச் சாணம் போட்டால் செடி வாடுவது ஏன்?

தை, மாசியில் வெண்டைக்கும் பாகலுக்கும் பாத்தி கட்டுகிறீர்களா? அன்றைய சாணத்தை அப்படியே கொட்டிவிடாதீர்கள். இளஞ்செடி வாடிவிடும். உரம் எப்படிச் செடியை வாட்டும்?

நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவிப் பாருங்கள், காய்க்குள் இருந்த நீர் வெளியே வந்துவிடும். நீர் உப்பு மிகுந்த பக்கம்தான் நகரும். பச்சை எருவிலும் கரையும் உப்புகள் உண்டு. கோழி எருவில் இன்னும் அதிகம். அவை வேரைச் சூழ்ந்தால், மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் தவிக்கும். போதாதற்கு, எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா பிஞ்சு வேரைப் பொசுக்கும்.

அதனால்தான் மக்கவிட வேண்டும். நுண்ணுயிர்கள் வேலையில் இறங்கினால் குவியல் 60 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடேறும். களை விதைகளும் பெரும்பாலும் அதில் சாகும், நமக்கு அது பெரிய லாபம். சூடு தணிந்து, சாண வாடை போய், மண்வாசம் வந்ததும் பாத்தியில் கலந்துவிடுங்கள்.