எனாமற் சின்னங்களும் அவற்றின் பண்டமாற்றும்

தபால்தலை சேர்ப்பாரையும் பழைய நாணயம் சேர்ப்பாரையும் நம் கல்லூரியார் நன்கறிவர். சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறு சின்னங்களைச் சேர்ப்பார் அத்துணை அறியப்பட்டாரல்லர். எனினும் அமெரிக்க நாட்டில் இஃது ஒரு பெருங்கூட்டத்தாரின் பொழுதுபோக்காய் விளங்குகின்றது. கட்டைவிரல் நகத்தினுஞ் சற்றே பெரிய உலோகத் தகடு, அதன்மேல் வண்ணம், புறத்தே ஓர் ஊசி, அவ்வூசி நழுவாமற் பிடிக்க ஒரு சிறு மூடி, இவ்வளவே பொருள். ஆங்கிலத்தில் இதனை எனாமல் பின் என்பர். பின் என்னுஞ் சொல் தமிழில் வேறு பொருள் தந்து மயக்குமாதலின் யாம் சின்னம் என்றே கூறிச் செல்வாம். கைப்பணம் சுருங்கியவர் இதிற் புகுவது எங்ஙனம், புகுந்தபின் ஏமாறாதிருப்பது எங்ஙனம் என்னும் இரண்டினையும் விளக்குதலே ஈண்டு எம் கருத்து. இவ்விரண்டனுள் பின்னதே முதன்மையானது; ஏமாற்றப்படுவோருட் பலர் சிறு பிள்ளைகளாதலின்.

எனாமல் என்பது உண்மையிற் கண்ணாடியே. கண்ணாடித் தூளை உலோகத்தின்மேற் பரப்பி ஏறக்குறைய 800 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற் சுட, அஃது உருகி உலோகத்தோடு ஒன்றிவிடும். ஜெய்ப்பூரிற் பொன்னணிகளின்மேற் செய்யப்படும் மீனாக்காரி வேலையும் இவ்வினத்ததே. ஆயின் இக்காலத்துச் சின்னங்களுட் பெரும்பாலன அங்ஙனஞ் செய்யப்படுவன அல்ல. இரும்பு, பித்தளை முதலிய தகடுகளில் எஃகு அச்சினால் உருவத்தை அழுத்திப் பதித்து, பதிந்த பள்ளங்களில் வண்ணத்தை நிரப்பிச் சூட்டில் உலர்த்துவர். வண்ணம் உலோகக் கோடுகளுக்குக் கீழே தாழ்ந்து நின்றால் அது மென்மை எனாமல். கோட்டளவும் நிரப்பித் தேய்த்து மெருகிட்டால் அது கடின எனாமல். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினும் வேறுபாடு புலனாகும். முன்னதில் வயலும் வரப்பும்போல் மேடுபள்ளம் தட்டுப்படும். பின்னது பளிங்குத் தரைபோல் வழவழப்பாயிருக்கும். கடின எனாமல் என்று விற்கப்படுவதிலும் பெரும்பாலும் உள்ளது பிசினிற் குழைத்த சாயமேயன்றிக் கண்ணாடியன்று. வணிகருட் சிலர் அதற்குக் கிளுவாசொன்னே என்னும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டுவர். பெயரின் அழகுக்காக விலை கூட்டிக் கொடுக்கவேண்டுவதில்லை.

இச்சின்னங்களை மாற்றிக்கொள்ளும் வழக்கத்திற்கு ஒலிம்பிக் விளையாட்டுகள் பெருந்துணை செய்தன. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் வீரர் இவர், நடுவர் இவர், அலுவலர் இவர் என்று பிரித்தறிதற்பொருட்டு அட்டையாலான வட்டச் சின்னங்கள் அணியப்பட்டன. (அதே ஆண்டில் அமெரிக்காவில் மக்கின்லியும் பிரையனும் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்ட தேர்தலிற் செல்லுலாய்டுப் பொத்தான்கள் எங்கும் பரவின என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.) பின்னர் வெவ்வேறு நாட்டு வீரர் தத்தம் சின்னங்களை நட்பின் அடையாளமாக மாற்றிக்கொள்ளலாயினர். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த போட்டிகளிற் காண வந்த மக்களும் இதிற் பெருவாரியாக ஈடுபட்டனர். 1988இற் கால்கரி நகரிற் கொக்கோ கோலா நிறுவனத்தார் பண்டமாற்றுக்கென்றே ஒரு நிலையம் அமைத்தனர். டென்னிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ் தாமும் ஒலிம்பிக் சின்னங்களை ஆர்வத்தோடு சேர்ப்பவர். ஒரு நாட்டின் வீரர் தொகை குறையக் குறைய அந்நாட்டுச் சின்னமும் அரிதாகும். ஆதலின் இவ்வுலகில் மட்டும் சிறிய தீவு நாட்டினர் பெரிய வல்லரசினரைக் காத்திருக்கச் செய்கின்றனர்! பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் சிறுவர் பேஸ்பால் போட்டியிலும் இப்பண்டமாற்று ஆட்டத்திற்கு நிகராக நடைபெறுகின்றது.

இனி, சிறு பணத்தோடு தொடங்குவார்க்கு மிகவும் ஏற்ற இடமும், மிகவும் விழிப்பு வேண்டும் இடமும் ஒன்றே. அது டிஸ்னிப் பூங்கா. பிளாரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வோர்ல்டில் 1999 அக்டோபரில், புத்தாயிரமாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி இப்பழக்கம் தொடங்கிற்று. ஊழியர் பலர் கழுத்துநாடாவிற் சின்னங்களைக் குத்திக்கொண்டு நிற்பர். வருவோர் தம்மிடமுள்ள டிஸ்னிச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, ஊழியரிடத்துத் தாம் விரும்பிய ஒன்றைப் பெறலாம். ஒன்றுக்கு ஒன்றே, ஓர் ஊழியரிடம் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் மாற்றலாகாது, அவர் நாடாவில் முன்னரேயுள்ள சின்னத்தையே மீண்டும் கொடுத்தலாகாது, பணம் கைம்மாறுதல் அறவே கூடாது. விதிகள் அவ்வப்போது சிறிது மாறுவனவாதலின் சென்றவுடன் கேட்டறிதல் நலம்.

இவ்விதிகளுள் வறியோர்க்கு வாய்ப்பானது யாதெனின், ஊழியர் விலையை ஒப்பிட்டுப் பாராமையே. எளியதொரு சின்னத்தைக் கொடுத்து அழகியதொன்றைப் பெறுதல் முறைகேடன்று. விளையாட்டே அவ்வாறு அமைந்துள்ளது. கடையிற் புதிய சின்னம் ஒன்றின் விலை பத்து டாலரைக் கடந்துவிடும். ஆதலின் மனத்துக்குப் பிடித்ததையெல்லாம் கடையில் வாங்கப் புகுவார் விரைவிற் சோர்வர். நாடாவோடு நான்கைந்து சின்னங்கள் சேர்த்து விற்கப்படும் தொகுதி ஒன்றை வாங்கிக்கொண்டு, அவற்றையே முதலாக வைத்து மாற்றி மாற்றிச் செல்பவர் அதன்பின் ஒரு காசும் செலவிடாமல் பல நாள் மகிழலாம்.

ஆனால் அவ்விலக்கணமே களவுக்கும் வாயில் திறந்துவிட்டது. இணையத்தில் ஐம்பது அல்லது நூறு சின்னங்களை ஒரு மூட்டையாக, ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் வீதம் விற்பார் உளர். அவற்றுட் பெரும்பாலன கள்ளச் சின்னங்கள். தொழிற்சாலையிற் கழிக்கப்பட்டனவும், ஒப்பந்தத்துக்கு மேலாகத் திருட்டுத்தனமாக அடிக்கப்பட்டனவும், பிறர் போலியச்சிற் செய்தனவும் அவற்றிற் கலந்திருக்கும். சேர்ப்போர் இவற்றை ஸ்கிராப்பர் என்பர். ஒருவர் இம்மூட்டையை வாங்கி ஊழியரிடம் கொடுத்து மெய்ச் சின்னங்களைக் கவர்ந்து செல்வர். கூட்டத்தின் நடுவே நிற்கும் ஊழியர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து மறுத்தல் அரிது. அடுத்து வரும் சிறுவன் தன் தந்தை பத்து டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித் தந்த மெய்ச் சின்னத்தைக் கொடுத்து அக்கள்ளச் சின்னத்தை ஆசையோடு பெற்றுச் செல்வன். மூட்டை வாங்குதலைச் சிக்கனம் என்று பரிந்துரைப்பாரும் உளர். எம் கருத்தில் அது சிக்கனமன்று. பிள்ளைகள் கையிலுள்ளதைப் பறித்தலேயாம்.

கள்ளத்தை அறியுமாறு யாதோ எனின், முதலில் எடையைக் காண்க. போலிகள் பெரும்பாலும் மெல்லிய தகட்டினவாய் இலேசாயிருக்கும். அடுத்து விளிம்பைத் தடவுக, கரடுமுரடாயிருப்பின் ஐயுறுக. வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருத்தல், சிற்சில இடங்களிற் குழிந்திருத்தல், அறிந்த உருவத்தின் நிறம் மாறியிருத்தல் ஆகியவை கெட்ட குறிகள். பின்னர்ப் புறத்தைத் திருப்புக. டிஸ்னி உரிமைக்குறி தெளிவாகப் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பல சின்னங்களின் புறத்தே மிக்கி மவுஸின் தலை வடிவம் நெருங்கப் பதிந்திருக்கும். மெய்யானவற்றில் அக்கோலம் விளிம்புவரை ஓடி வெட்டுண்டு நிற்க, போலிகள் பலவற்றில் விளிம்போரத்தில் ஒரு வரம்பு கட்டி நின்றுவிடும். ஆயினும் இவற்றுள் யாதேனும் ஒன்றை மட்டுங்கொண்டு முடிவு செய்தல் தகாது; கள்ளர் கற்றுக்கொள்கின்றனர். மெய்யென்று ஐயமின்றித் தெரிந்த சின்னம் ஒன்றைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சிறந்த வழி.

சேர்ப்போர் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது நிலைமை வேறு. அங்கே மதிப்பு நோக்கப்படும். சில சின்னங்கள் வரையறுத்த தொகையே வெளியிடப்பட்டவை. 250 என்றோ 500 என்றோ அத்தொகை புறத்தே பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகையதைக் கடையில் என்றும் கிடைக்கும் ஒன்றுக்கு மாற்றக் கேட்டல் அறியாமை. அறியாத சிறுவனிடம் அவ்வாறு கேட்டுப் பெறுதல் அறியாமையினும் இழிந்தது. பிறர் பலகையிலுள்ளதைக் கேளாது தொடாதிருத்தலும், வேண்டா என்றார்க்கு முகம் கோணாதிருத்தலும் இக்கூட்டத்தின் ஒழுக்கங்கள். அஞ்சல்வழி மாற்றுவோர் இருபுறமும் தெரியப் படமெடுத்து முன்னரே அனுப்பச் செய்க. ஊசியின் முனை உறையைக் கிழித்து வெளிப்படுமாதலின் அட்டையிற் குத்தி, மெத்தென்ற உறையிலிட்டு, பதிவெண் பெற்று விடுக்க. தூர தேசத்துக்கு அஞ்சற் செலவே சின்னத்தின் விலையை விஞ்சும் என்பதையும் மறவற்க.

டிஸ்னியும் ஒலிம்பிக்கும் வேண்டா என்பார்க்குப் பழைய சோவியத் நாட்டுச் சின்னங்களை யாம் எடுத்துக்காட்டுவோம். நகரங்கள், விண்வெளிப் பயணங்கள், ஆலைகள், விளையாட்டு விழாக்கள் என எண்ணிறந்த பொருள்கள்மேல் அவை பெருந்தொகையில் அடிக்கப்பட்டன. பல அலுமினியத் தகட்டாலானவை. மிகுதியாக உள்ளமையால் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. வரலாறு பயில்வார்க்கு அவை ஒரு சிறு நூலகமாகும்.

நண்பர் பலர் கூடித் தமக்கென ஒரு சின்னம் செய்வித்தலும் உண்டு. அச்சு வெட்டும் கூலி ஒருமுறையே ஆதலின் பத்துச் சின்னம் செய்வித்தால் ஒன்றன் விலை மிகும். நூறு செய்வித்தால் பெரிதும் தாழும். பிறர் எவரிடமும் இல்லாத சின்னத்துக்கு மாற்றுச் சந்தையில் எப்பொழுதும் விருப்பம் உண்டு.

சேர்த்தவற்றைத் தக்கைப் பலகையிலோ தடித்த துணியிலோ குத்திவைக்கலாம். மலிவான பிவிசி உறைகளில் நெடுங்காலம் இடுதல் உலோகத்துக்கு ஆகாது. இரும்புத் தகட்டாலானவை ஈரத்திற் பூச்சுரிந்து துருவேறும். உலர்ந்த துணியால் துடைத்து வைத்தல் போதும். பையிலோ தொப்பியிலோ அணிந்து செல்வார் ஒன்று கவனிக்க: வண்ணத்துப்பூச்சி வடிவான பித்தளை மூடி நாளடைவில் தளர்ந்து, அணிந்தவர் அறியாமலே சின்னம் வீதியில் விழும். சிறு திருகாணியால் இறுக்கும் பூட்டு மூடிகள் தனியே விற்கின்றன. பலவற்றுக்கு வாங்க இயலாதவர் தமக்கு மிகவும் இனியதான ஒன்றுக்கேனும் அதனை வாங்கிப் பூட்டுக.