பந்தய வீரர் ரெகத்ஸோனியும் நமது கடற்கரையும்

இனயம் முதல் நீரோடி வரையிலுள்ள கடற்கரை ஊர்களிலும், அவற்றை அடுத்த பனை, தென்னந்தோப்புகளிலும் முதுகுத்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பற்றிப் பேச்செழும்போது, பெரியோர் 'தலைவிதி' என்ற ஒரே சொல்லோடு அதை முடித்துவிடுகிறார்கள். மரத்தினின்று விழுந்தவனுக்கும், அலைவாயில் வள்ளம் கவிழ்ந்து அடிபட்டவனுக்கும், மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டவனுக்கும் அந்த ஒரு சொல்லே மருந்தாக வழங்கி வருகிறது. இது நியாயந்தானா என்று சிந்திப்பதற்கு, நம் ஊருக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத ஒருவரின் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் வலை வீசியவரல்லர், மரம் ஏறியவருமல்லர். மோட்டார்ப் பந்தயமே அவர் தொழில்.

க்ளே ரெகத்ஸோனி என்பது அவர் பெயர். ஸ்விட்ஸர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் பகுதியில் 1939-ல் பிறந்தவர். 1970-ல் பெராரி கம்பெனியின் வண்டியில் ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸா மைதானத்தில் முதல் வெற்றி கிட்டியது. பந்தயத்துக்கு முதல் நாள் அதே மைதானத்தில், ஜோகன் ரிண்ட் என்னும் பேர்பெற்ற ஆஸ்திரிய வீரர் தேர்வு ஓட்டத்தின்போது உயிரிழந்திருந்தார். அது எத்தகைய தொழில் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. 1974-ல் உலக வீரப்பட்டம் ரெகத்ஸோனிக்கு மூன்றே புள்ளிகளில் கை நழுவிப் போயிற்று. 1979-ல் இங்கிலாந்தின் ஸில்வர்ஸ்டோன் மைதானத்தில், அதுவரை ஒரு வெற்றியும் கண்டிராத வில்லியம்ஸ் கோஷ்டிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். கோஷ்டியை ஆதரித்தவர்கள் ஸௌதி அராபியர்கள். ஆகையால் வெற்றி மேடையில் மதுவுக்குப் பதிலாக ஆரஞ்சு ரசமே பரிமாறப்பட்டதாம்!

மறு ஆண்டு அவர் என்ஸைன் என்னும் சிறிய கோஷ்டிக்காக ஓட்டினார். 1980 மார்ச் 30. அமெரிக்காவில் லாங் பீச் நகரம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் வாகை சூடிய அதே வீதிகள். நீண்டதொரு நேர்பாதையின் கோடியில், வளைவுக்காக வேகத்தைத் தணிக்கவேண்டிய இடத்தில் பிரேக் மிதி ஒடிந்தது. வண்டி, முன்னமே பந்தயத்திலிருந்து விலகி ஓரத்தில் நின்ற வேறொரு வண்டியின்மேல் பாய்ந்து, அப்பால் தடுப்பில் மோதிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனார். வயது நாற்பது.

இங்கே வைத்திய விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். முதுகுத்தண்டினுள் ஓடும் நரம்பு அறுந்தால் ஒட்டுவதில்லை. ஆனால் இத்தகையோரைப் பெரும்பாலும் கொல்வது அந்த முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையில் பற்றும் நோயுமே. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்னும் டாக்டர், நோயாளிகளை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடவேண்டும் என்பதை ஒரு விரதம்போல் அனுஷ்டிக்கச் செய்தார். அவர்களைப் பந்தெறியவும் அம்பெய்யவும் பழக்கினார். முன்பெல்லாம் சில மாதங்களில் மாண்டவர்கள் பல்லாண்டு பிழைத்தனர். விதி மாறவில்லை, புரட்டிப்போட ஆள் கிடைத்தது. அவ்வளவுதான்.

ரெகத்ஸோனியும் பிழைத்தார். பிழைத்ததோடு நில்லாமல், மீண்டும் வண்டி ஓட்டவேண்டும் என்றார். காலால் மிதிக்கும் வேலையையெல்லாம் கைக்கு மாற்றுவது யந்திரவித்தையில் பெரிய காரியமன்று. வேகத்துக்கு ஸ்டியரிங்கிலேயே ஒரு வளையமும், பிரேக்குக்கு ஒரு நெம்புகோலும் போதும். பெரிய காரியம், அனுமதி பெறுவது. கால் வழங்காதவனுக்குப் பந்தய லைசென்ஸ் எப்படிக் கொடுப்பது என்று கேட்ட அதிகாரிகளோடு அவர் வாதாட வேண்டியிருந்தது. இத்தாலியில் அங்கஹீனருக்கு அந்த உரிமை கிடைப்பதற்காகச் சங்கம் கண்டு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ரோமாபுரிக்கு அருகிலுள்ள வல்லெலுங்கா மைதானத்தில் அவர்களுக்கென்றே மோட்டார் ஓட்டும் பள்ளி நடத்தினார். தாமும் சும்மா இருக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தைக் கடக்கும் டக்கார் ஓட்டத்திலும், அமெரிக்காவில் ஸெப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்திலும் கையாலேயே ஓட்டிக் கலந்துகொண்டார். 2006 டிசம்பர் 15-ம் தேதி இத்தாலியில் பார்மா நகருக்கருகே நெடுஞ்சாலையில் லாரியோடு மோதி மாண்டபோதும் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவரே.

அவர் வெற்றி தேடித் தந்த கோஷ்டியின் தலைவர் பிராங்க் வில்லியம்ஸும் 1986-ல் பிரான்ஸில் சாலை விபத்தொன்றில் கழுத்து முறிந்து, கையும் காலும் வழங்காதவரானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 2020 வரை கோஷ்டியை வைத்திருந்தார். ஐந்து உலகப் பட்டங்கள் அவர் கோஷ்டியின் வீரர்களுக்கு அதன் பின்னரே கிடைத்தன. நமது கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் பிற்காலத்தில் அவரிடம் பரிசோதனை ஓட்டுநராயிருந்தார்.

அவர்களிடம் பணமிருந்தது, ஐரோப்பா இருந்தது என்று சிலர் கூறலாம். கூறட்டும். ஆய்குடி ஐரோப்பாவில் இல்லை. தென்காசிக்கு அருகில் இருக்கிறது. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இருபது வயது இளைஞர். 1981-ல் ஐந்து குழந்தைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் ஞாபகமாக வைத்த பெயர் அது. முதுகுத்தண்டு முறிந்தோருக்குப் பயிற்சி தரும் பகுதியும் அங்கே ஏற்பட்டது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இனயத்திலிருந்து ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய ஊர்தான்.

சட்டமும் இல்லாமலில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வண்டிச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தம், ஊனமுற்றோருக்காக மாற்றியமைத்த வண்டிக்குத் தனி இலக்கணமே வகுத்திருக்கிறது. எனினும், பனையினின்று விழுந்த ஒருவன் லைசென்ஸ் வேண்டும் என்று வாய் திறந்தால், அவன் வீட்டாரே முதலில் சிரிப்பார்கள். வெட்கத்தோடு சொல்லவேண்டிய விஷயம் இது. நாமும் சிரித்தவர்களில் சேர்ந்தவர்களே. சர்க்காரைக் குறை கூறுமுன் இதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஒப்புக்கொண்டபின் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. இந்த ஜில்லாவில் கையால் ஓட்டப் பழக்கும் வண்டி எங்கே நிற்கிறது? பழக்குபவர் யார்? அவரிடம் போவதற்குப் படியில்லாத வழி இருக்கிறதா? இவற்றுக்கு விடை அதிகாரிகளிடம் இருக்குமாயின், அதைக் கச்சேரிச் சுவரில் ஒட்டாமல், இனயம் மீன் ஏலக்களத்தில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். படித்து வீட்டில் போய்ச் சொல்லப்போகிறவர்கள் வேறு ஆட்கள்.