ஆட்டுப் பாலும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும்



புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக் கோடியில் இரண்டு மூன்று ஆடுகள் கட்டிக் கிடப்பது நாம் கண்டு பழகிய காட்சி. பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் மாலையில் புல்லறுத்துப் போட்டு வளர்த்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஆட்டை விடாதவர்கள் இருக்கிறார்கள். சிலரிடம் நாட்டு ஆடான காச்சாங் இருக்கும். பாலுக்கென்றே வளர்ப்பவர்கள் நீண்ட காது தொங்கும் ஜம்னாபாரியை விரும்புவார்கள். செம்மறியைக் கறப்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் பெரிய தொழில். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. ஆனால் இன்று சொல்லப்போகும் நோய் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொதுவானது.

ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு, காய்ச்சாமல் குடித்தால்தான் இழுப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பள்ளியில் கேட்டால், “எங்கள் தாத்தா அப்படித்தான் குடிப்பார்” என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்கிறார்கள்.

நம் பினாங்கு மாநிலத்திலேயே 2011-ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததைக் கேளுங்கள். ஆட்டுப் பண்ணை வைத்திருந்த 45 வயதுக்காரர் ஒருவர் மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வியர்வை, சோர்வு என்று மருத்துவமனைக்கு வந்தார். டெங்கியா, மலேரியாவா, எலிச்சிறுநீர்க் காய்ச்சலா என்று பார்த்தார்கள், எதுவும் இல்லை. பச்சைப் பாலைத் தாமும் குடித்து, பிறருக்கும் விற்றதாக அவர் சொன்னார். அந்தத் துப்பை வைத்துச் சோதித்தபோதுதான் ‘புருசெல்லா’ என்னும் கிருமி தெரியவந்தது. ஓராண்டுக்குள் அதே பண்ணையின் பாலைக் குடித்த 79 பேருக்கு இந்நோய் கண்டது. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து நோய் இன்னதென்று தெரிவதற்குச் சராசரி 53 நாள் ஆயிற்று. ஒருவருக்கு 210 நாள்!

இந்தக் காய்ச்சல் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? சில நாள் ஏறும், பிறகு தணியும், மறுபடி ஏறும். மூட்டிலும் இடுப்பிலும் வலி, இரவில் உடுப்பு நனையும் வியர்வை. வேலைக் களைப்பு என்றே நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கு மால்டா காய்ச்சல் என்று ஒரு பழைய பெயர் உண்டு. மால்டா தீவில் நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் படைவீரர்களை இது வாட்டியது. 1887-இல் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. அங்கே ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டி வந்து, வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். மடி கொழுத்த, நோயின் சாயலே இல்லாத ஆடுகள், யார் சந்தேகப்படுவார்கள்? 1905-இல் தெமிஸ்தோக்ளிஸ் சமித் என்ற மால்டா மருத்துவர் அந்த ஆடுகளையே சோதித்து, கிருமி அங்கே இருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே ஆட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஓர் அடையாளம் உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நான்காம் மாத வாக்கில் குட்டி வீசினால் சந்தேகப்பட வேண்டும். அடுத்த ஈற்றில் அதே ஆடு நல்ல குட்டி போடலாம். அதனால் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்; பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கலாம். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது. நாய் இழுக்காதபடி ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகவேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொன்னால் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். நோயுள்ள ஆட்டை மருந்து கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை, ஒழித்துவிடுவார்கள். ஆசையாக வளர்த்ததை இழப்பது வருத்தந்தான். அதற்காக இரவோடு இரவாக அடுத்த தோட்டத்துக்காரருக்கு விற்றுவிடுவது பெரும் பாவம். புதிதாக வாங்கும் ஆட்டையும் இரவல் கிடாயையும் சோதித்த பிறகே பட்டியில் சேர்க்க வேண்டும்.

பாலுக்கு வழி எளிது: காய்ச்சுங்கள். நுரை பொங்கியதும் இறக்கிவிடாமல், துழாவிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதும் காய்ச்சி ஆறிய பாலில்தான். காய்ச்சினால் சத்துப் போய்விடுமே என்பார்கள். புரதமும் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கின்றன. சில உயிர்ச்சத்துகள் சற்றே குறையும், அவ்வளவே.

பச்சைப் பாலைக் குடித்தவருக்கோ ஆடு வளர்ப்பவருக்கோ காய்ச்சல் விடாமல் நீடித்தால், மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். முன்கூட்டிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பினாங்கில் அந்த நோயாளிகளின் இரத்தத்தைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர்களில் நால்வருக்கும் இதே காய்ச்சல் தொற்றியது.